மூடினால் தூங்கட்டும், திறந்தால் விழிக்கட்டும்: மடிக்கணினி ஃபர்ம்வேர் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

மடிக்கணினி தயாரிக்கும் நிறுவனங்களில் ஃபர்ம்வேர், அதாவது வன்பொருளுக்குள்ளேயே இருந்து அதை இயக்கும் நிரல், எழுதும் பொறியாளர்களுக்கும், அந்த வேலைக்கு நாளும் பணமும் ஒதுக்கும் மேலாளர்களுக்கும்,

மூடி வைத்தாலும் சரியாகத் தூங்காத ஒரு மடிக்கணினியைப் பற்றி உங்களில் ஒரு நிறுவனத்துக்கு எழுதியிருந்தேன், இந்த மாதத் தொடக்கத்தில் பதில் வந்தது. 19 நாள் காத்திருந்து வாங்கிய பதில். நான் அனுப்பியிருந்த அளவீடுகளைப் பற்றி அதில் ஒரு வார்த்தைகூட இல்லை. இந்த மாடல் விண்டோஸில் மட்டுமே சோதிக்கப்பட்டது, லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தில் வரும் தூக்கக் கோளாறுக்குத் தங்களிடம் தீர்வு இல்லை, கோரிக்கையை முடித்துக்கொள்கிறோம் என்று மூன்றே வரி. அந்த மடிக்கணினியை அதே நிறுவனம் விண்டோஸ் இல்லாமல்தான் விற்றது. வாங்கியவர் பெட்டியைப் பத்திரமாக வைத்திருக்கிறார். பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டிய தாளில், இயங்குதளம் என்ற இடத்துக்கு நேரே, 'டாஸ்' என்று அச்சடித்திருப்பதை நான் என் கண்ணால் பார்த்தேன். விண்டோஸ் இல்லாமல் விற்பீர்கள், விண்டோஸில் மட்டும் சோதிப்பீர்கள் என்றால், வாங்கியவர் எங்கே போவார்? அந்த மூன்று வரியைப் படித்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அதனால்தான் இந்த மடல்.

நான் பாளையங்கோட்டையில் 14 ஆண்டுகளாக மடிக்கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். கீல் உடைந்தது, சார்ஜிங் பின் போனது, கீபோர்டில் காபி கொட்டியது என்று வருவதுதான் அதிகம். ஆனால் சமீப காலமாக, உடையாத, விழாத, எதுவும் கொட்டாத மடிக்கணினிகள் வரத் தொடங்கியிருக்கின்றன. "மூடி வச்சேன், திறந்தா எந்திரிக்க மாட்டேங்குது" என்ற ஒரே புகாரோடு வருகின்றன.

நான் எழுதிக் கேட்ட கணினி ஒரு கணித ஆசிரியருடையது. நாங்குநேரிப் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் வேலை, தினமும் பஸ்ஸில் போய் வருகிறார். முதல் நாள் கடைக்கு வந்ததும் பையைத் திறக்கவில்லை, அப்படியே என் கையில் கொடுத்தார். "தம்பி, தொட்டுப் பாருங்க" என்றார். தொட்டேன். துணிப்பைக்கு வெளியிலேயே சுட்டது. "வகுப்பு முடிஞ்சு மூடி வச்சதுதான். ஒரு மணி நேரமா மடியில வச்சிருக்கேன். பாதி வழியில பயமாப் போச்சு, பேட்டரி வெடிச்சிருமோன்னு கால்கிட்ட இறக்கி வச்சுட்டேன்." உள்ளே காற்றாடி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. மூடிய பைக்குள் அது எந்தக் காற்றை இழுக்கும்? மூடியைத் திறந்தால் திரை கறுப்பு. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். பேட்டரியில் 11 சதவீதம் இருந்தது. காலையில் முழுதாக ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்.

அதை ஒரு வாரம் கடையிலேயே வைத்துக்கொண்டேன். முதல் இரவு 9.30க்கு, 100 சதவீதத்தில் மூடி வைத்தேன். காலை 7 மணிக்குத் திறந்தால் 61. ஒன்பதரை மணி நேரத்தில் 39 சதவீதம் போயிருக்கிறது. கணினி தூங்கும்போது அதன் வன்பொருள் உண்மையாகவே எவ்வளவு நேரம் ஆழ்ந்த தூக்கத்தில் இருந்தது என்பதை லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் கணக்கு வைத்துச் சொல்லும். அந்த ஒன்பதரை மணி நேரத்தில் ஆழ்ந்த தூக்கம் மொத்தமே 17 நிமிடம். மீதி நேரமெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு விழித்திருந்திருக்கிறது. யார் எழுப்புகிறார்கள் என்று குறுக்கீடுகளின் எண்ணிக்கையைப் பார்த்தேன். மற்ற எல்லாம் ஒற்றை இலக்கம், இரட்டை இலக்கம். எம்பெடட் கண்ட்ரோலரின் வரியில் மட்டும் 11,000க்கு மேல். சுமார் மூன்று நொடிக்கு ஒரு முறை அது செயலியைத் தட்டி எழுப்பியிருக்கிறது.

எம்பெடட் கண்ட்ரோலர் என்பது கீபோர்டு, பேட்டரி, காற்றாடி, மூடி எல்லாவற்றையும் கவனிக்கிற சின்னச் சில்லு. அதற்குள் ஓடுவது நீங்கள் எழுதிய நிரல், கெர்னலோ நானோ அதற்குள் கை வைக்க முடியாது. இரண்டாம் இரவு, அந்தச் சில்லு எழுப்பினாலும் எழுந்திருக்காதே என்று கெர்னலுக்கு ஒரு அளவுருவைக் கொடுத்துவிட்டு அதே நேரம் மூடினேன். காலையில் 94 சதவீதம். நோய் எங்கே என்று தெரிந்துவிட்டது. ஆனால் இது மருந்தல்ல. அந்த அளவுருவைப் போட்டால் மூடியைத் திறந்தாலும் கணினி எழாது, மூடி திறந்த செய்தியும் அதே சில்லு வழியாகத்தானே வர வேண்டும்? பவர் பட்டனை அழுத்தித்தான் எழுப்ப வேண்டும். ஆசிரியர் அதைப் பொறுத்துக்கொண்டுதான் இப்போது பயன்படுத்துகிறார். இந்த எண்கள் எல்லாவற்றையும், இரண்டு இரவின் பதிவுகளையும், கணினியைத் தூங்க வைத்து எழுப்பும் விதத்தைத் தயாரிப்பாளர் எழுதித் தரும் ஏசிபிஐ அட்டவணைகளின் நகலையும் சேர்த்துத்தான் உங்களுக்கு அனுப்பினேன். எந்தப் பொறியாளரும் அதைத் திறந்து பார்த்திருந்தால் ஒரு மணி நேரத்தில் புரிந்திருக்கும். திறந்து பார்க்கவில்லை என்பதுதான் என் முதல் வருத்தம்.

'டாஸ் மாடல்' என்றால் என்ன என்று உங்கள் தலைமை அலுவலகத்தில் இருப்பவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், அதனால் சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் உரிமம் இல்லாமல், ஃப்ரீடாஸ் என்ற இலவசப் பழைய பாணி இயங்குதளம் மட்டும் போட்டு, சில ஆயிரம் ரூபாய் குறைவாக நீங்கள் இங்கே விற்கும் மடிக்கணினி. சிலவற்றில் லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவே போட்டுத் தருகிறீர்கள். மாணவர்கள், ஆசிரியர்கள், சின்ன அலுவலகம் வைத்திருப்பவர்கள் இதைத்தான் வாங்குகிறார்கள். ஃப்ரீடாஸை வைத்துக்கொண்டு இன்று யாரும் எந்த வேலையும் செய்ய முடியாது, அது உங்களுக்கும் தெரியும். வாங்குபவர் லினக்ஸ் போடுவார் என்று தெரிந்தே விற்கும் பொருள் அது. அப்படியிருக்க, லினக்ஸ் போட்டது அவருடைய விபரீத ஆசை என்பதுபோல உங்கள் சேவை மையங்கள் பேசுகின்றன. என் வாடிக்கையாளர் ஒருவரிடம் வாரண்டியே போய்விட்டது என்றுகூடச் சொல்லியிருக்கிறார்கள்.

இது இன்று நேற்று நடப்பதல்ல. 2021 ஏப்ரலில் ஒரு பொறியியல் கல்லூரி மாணவி வந்தார். இறுதியாண்டு ப்ராஜெக்ட் நடந்துகொண்டிருந்த நேரம், கல்லூரி ஆன்லைனில். ஏஎம்டியின் ரெனுவா வகைச் செயலி உள்ள மடிக்கணினி, வாங்கி நான்கு மாதம். "அண்ணே, சாப்பிடப் போறப்ப மூடினேன், வந்து திறந்தேன். அவ்ளோதான்ணே செஞ்சேன்" என்றார். அவர் செய்தது அவ்வளவுதான். திரை வந்தது, மவுஸ் நகர்ந்தது. ஆனால் எதைச் சேமிக்கப் போனாலும் பிழை, எந்த நிரலைத் திறந்தாலும் பிழை. சேமிக்காமல் வைத்திருந்த அன்றைய வேலை முழுவதும் போயிற்று. ஒரு முறை அல்ல, அந்த மாதத்தில் நான்கு முறை.

இதில் பிடிபடாத சிக்கல் என்னவென்றால், என்ன நடந்தது என்று பார்க்கவும் முடியாது. வட்டு போய்விட்டதால் பதிவுகளை எழுத இடமில்லை, பதிவைக் காட்டும் கட்டளையும் அந்த வட்டில்தான் இருக்கிறது. கடைசியில், தூங்க வைப்பதற்கு முன்பே கெர்னலின் செய்திகள் தொடர்ந்து ஓடும்படி ஒரு சாளரத்தைத் திறந்து வைத்துவிட்டு மூடினேன். திறந்ததும் அந்தச் சாளரத்தில் வரிகள் வந்து விழுந்தன. வட்டை இயக்கும் என்விஎம்இ கண்ட்ரோலர் செயலிழந்துவிட்டது, ரீசெட் செய்யப் பார்க்கிறேன் என்று ஒன்று. சாதனத்தை அணுக முடியவில்லை என்று அடுத்தது. சாதனத்தை நீக்குகிறேன் என்று மூன்றாவது. அப்புறம் கோப்பு முறைமையின் பிழைகள் வரிசையாக. கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டேன். கணினி விழித்துக்கொண்டது, அதன் வட்டான எஸ்எஸ்டி விழிக்கவில்லை.

காரணம் பின்னர் வெளியே வந்தது. அந்த வகைச் செயலிகளில், தூங்கப் போகும்போது எஸ்எஸ்டியை டி3 என்னும் அணைந்த நிலைக்குக் கொண்டுபோக வேண்டும். அப்படிச் செய் என்று இயங்குதளத்துக்குச் சொல்ல 'ஸ்டோரேஜ் டி3 எனேபிள்' என்று ஒரு பண்பு உண்டு. கணினியைத் தொடங்கி வைக்கும் ஃபர்ம்வேரான பயாஸ் தரும் ஏசிபிஐ அட்டவணையில் அதை எழுதி வைக்க வேண்டும். பெரும்பாலான மாடல்களின் பயாஸில் அது இல்லை. அந்தப் பண்பே பல கணினிகள் கடைக்கு வந்த பிறகுதான் அறிமுகமானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். சரி, அது இல்லாமல் விண்டோஸில் எப்படி வேலை செய்தது? இந்தச் செயலிகளுக்கு டி3 வேண்டும் என்ற பட்டியலை விண்டோஸ் தனக்குள்ளேயே வைத்திருந்தது. அதனால் உங்கள் சோதனைக் கூடத்தில் எல்லாம் சரியாக ஓடியது. லினக்ஸுக்கு அந்தப் பட்டியலை யாரும் கொடுக்கவில்லை. கடைசியில் கெர்னலிலேயே அந்தச் செயலிகளின் பட்டியலைக் கையால் எழுதிச் சேர்த்தார்கள். 2021 ஆகஸ்ட் இறுதியில் வந்த 5.14 பதிப்பில் அது இருந்தது. அதற்குள் அந்த மாணவி கணினியை மூடவே பயந்து, ஒவ்வொரு முறையும் ஷட்டவுன் செய்து, ப்ராஜெக்டை முடித்துக் கொடுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு அவருடைய மாடலுக்கு மூன்று பயாஸ் புதுப்பிப்புகள் வந்தன. மூன்றையும் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அட்டவணையைப் பிரித்து அந்தப் பண்பைத் தேடினேன், கடைசி வரை அது வரவேயில்லை. 'கணினியின் நிலைத்தன்மை மேம்படுத்தப்பட்டது' என்ற ஒரே குறிப்புதான் மூன்றுக்கும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தப் புதுப்பிப்புகள் விண்டோஸில் மட்டும் ஓடும் கோப்புகள். விண்டோஸ் இல்லாமல் விற்ற கணினிக்கு விண்டோஸில் மட்டும் ஓடும் மருந்து. ஒவ்வொரு முறையும் அவருடைய எஸ்எஸ்டியைக் கழற்றி வைத்துவிட்டு, கடையில் இருக்கும் விண்டோஸ் போட்ட வேறொன்றை மாட்டித்தான் பயாஸை ஏற்றினேன். பழுது பார்க்கத் தெரிந்தவன் என்பதால் செய்தேன். வாங்கியவர் வீட்டில் உட்கார்ந்து இதைச் செய்ய முடியுமா?

இங்கே அடிப்படையைக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் யார் பொறுப்பு என்ற கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது. 1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து ஏசிபிஐ தர வரையறையை வெளியிட்டன. எப்போது தூங்குவது என்பதை இயங்குதளம் முடிவு செய்யும், அந்தக் குறிப்பிட்ட கணினியை எப்படித் தூங்க வைத்து எழுப்புவது என்பதைத் தயாரிப்பாளர் எழுதித் தருவார் என்பது அதன் ஏற்பாடு. நீங்கள் ஏஎம்எல் என்ற மொழியில் எழுதித் தரும் அந்த நிரலைக் கெர்னல் வாசித்து, சொன்னபடி செய்கிறது. ஆகவே லினக்ஸில் வரும் தூக்கப் பிரச்சினை என்று நீங்கள் சொல்லும்போது, பல நேரம் கெர்னல் ஓட்டிக்கொண்டிருப்பது உங்கள் நிரலைத்தான். இன்டெல் இலவசமாகத் தரும் ஐஏஎஸ்எல் கருவியால் உங்கள் அட்டவணைகளைப் பிரித்து, அப்படியே மறுபடி தொகுத்துப் பார்த்திருக்கிறேன். ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் தொகுத்தாலும் பிழைகளும் எச்சரிக்கைகளும் வரிசையாக வருகிற மாடல்கள் உண்டு.

அந்த நிரலுக்குள் இன்னொரு பழக்கமும் இருக்கிறது. உன் பெயர் என்ன என்று இயங்குதளத்தைக் கேட்டு, பதிலைப் பொறுத்து வெவ்வேறு வழியில் போவது. விண்டோஸ் 2009 என்று ஏசிபிஐ மொழியில் கேட்டால் விண்டோஸ் 7 என்று பொருள். லினக்ஸ் கெர்னல் அதற்கு ஆம் என்கிறது. 2012க்கும் ஆம், 2015க்கும் ஆம். லினக்ஸா என்று கேட்டால் மட்டும் இல்லை என்கிறது! தன் பெயரைத் தானே மறுக்க வேண்டிய நிலை அதற்கு எப்படி வந்தது? ஒரு காலத்தில் ஃபர்ம்வேர் எழுதியவர்கள் லினக்ஸ் என்றால் இப்படிச் செய் என்று தற்காலிக ஒட்டுகளைப் போட்டார்கள். கெர்னல் சில வாரங்களுக்கு ஒரு முறை மாறுகிறது, பயாஸில் போட்ட ஒட்டோ அப்படியே நிற்கிறது. அதுவே அடுத்தவர்களின் பயாஸுக்கும் நகலாகிப் போனது. அதனால் தன் பெயரைச் சொல்வதைக் கெர்னல் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் போலவே நடந்துகொள்கிறேன், விண்டோஸுக்குச் செய்வதையே எனக்கும் செய்யுங்கள் என்கிறது. அதற்கு மேல் ஒரு இயங்குதளம் எவ்வளவு இறங்கி வர முடியும்?

அப்புறம், மாடல் பெயர்ப் பட்டியல்கள். கெர்னலின் மூல நிரலில், இந்த நிறுவனம், இந்த மாடல் என்றால் இந்த வேலையைச் செய்யாதே, அந்த வேலையை வேறு மாதிரி செய் என்று வரிசையாக எழுதி வைத்திருக்கிறார்கள். தூக்கத்துக்கு ஒரு பட்டியல், திரை வெளிச்சத்துக்கு ஒன்று, மூடிக்கு ஒன்று. அதில் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஒரு மனிதர் இருக்கிறார். காசு கொடுத்து வாங்கி, மூடித் திறந்து ஏமாந்து, விடுமுறை நாளை அதில் தொலைத்து, கண்டுபிடித்ததை எழுதி அனுப்பியவர். அப்படி ஒருவர் அமையாத மாடலுக்கு வரி இல்லை, தீர்வும் இல்லை. உங்கள் பயாஸில் ஒரு முறை திருத்தினால் அந்த மாடலை வாங்கிய எல்லோருக்கும் சரியாகும். அதை விட்டுவிட்டு, ஊர் பேர் தெரியாத பயனர்களின் தலையில் அந்த வேலை விழுந்திருக்கிறது.

எவ்வளவு கடினமான வேலை என்பதற்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். கணினி எழும் வழியில் அப்படியே உறைந்துவிட்டால், எந்த இடத்தில் உறைந்தது என்று எழுதி வைக்க எதுவுமே இருக்காது. திரை இல்லை, வட்டு இல்லை, அணைத்துப் போட்டால் நினைவகமும் காலி. 2006இல், லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் இதற்கு ஒரு வழி எழுதினார். அணைத்துப் போட்டாலும் தன் மதிப்பை மறக்காத ஒரே பொருள் தாய்ப்பலகையில் இருக்கும் கடிகாரம். எழும்போது ஒவ்வொரு படியிலும், நான் இந்தச் சாதனத்தில் இருக்கிறேன் என்பதை ஒரு எண்ணாக மாற்றி, அந்த எண்ணைத் தேதியாகவும் நேரமாகவும் கடிகாரத்தில் எழுதிவிடும். உறைந்ததும் அணைத்து, மூன்று நிமிடத்துக்குள் மறுபடி போட வேண்டும். அதற்கு மேல் போனால் கடிகாரம் ஓடி எண் மாறிவிடும். கெர்னல் அந்தத் தேதியைப் படித்து, கடைசியாக நின்ற சாதனம் எது என்று சொல்லும். இந்த முறையில் நான் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை ஒரே மடிக்கணினியோடு உட்கார்ந்திருக்கிறேன். கையில் கைப்பேசியின் ஸ்டாப்வாட்ச், பக்கத்தில் நோட்டு. ஒரு முறை போட்டால் 2041 மார்ச், அடுத்த முறை 2017 நவம்பர். 22 முறை செய்தபின் ஒரே சாதனத்தின் பெயர் திரும்பத் திரும்ப வந்தது. அந்த ஒரு சாதனத்துக்கான தொடக்க வேலையை உங்கள் பயாஸ் எழும் வழியில் செய்யாமல் விட்டிருந்தது. உங்கள் மேசையில் இருக்கும் பிழைதேடும் பலகையில் பத்து நிமிட வேலையாக இருந்திருக்கும்.

எல்லாப் பழியையும் உங்கள் மேல் போட நான் வரவில்லை. கெர்னலின் டிரைவர்களிலும் பிழை உண்டு. தூக்கத்தைக் கெடுத்த கிராபிக்ஸ் டிரைவர்கள், வைஃபை டிரைவர்கள் பலவற்றைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அங்கே பிழையைப் பதியலாம், யார் பார்க்கிறார்கள் என்று தெரியும், திருத்தம் வந்தால் என்ன திருத்தினார்கள் என்று ஒவ்வொரு வரியாகப் படிக்கலாம். உங்கள் பக்கம் கதவே இல்லை.

இது லினக்ஸ்காரர்களின் தனிப் புலம்பல் என்றும் எண்ணிவிடாதீர்கள். சூடான பையோடு என் கடைக்கு வருபவர்களில் விண்டோஸ் வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். பழைய எஸ்3 தூக்கம் வீட்டின் மெயின் சுவிட்சை அணைப்பது போல. நினைவகத்துக்கு மட்டும் கொஞ்சம் மின்சாரம், மற்றதெல்லாம் அணைந்துவிடும். இப்போது நீங்கள் தரும் 'மாடர்ன் ஸ்டாண்ட்பை' ஒவ்வொரு அறையாகப் போய் விளக்கையும் விசிறியையும் அணைப்பது போல. ஒரு அறையை மறந்தாலும் மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். எல்லா அறையும் அணைந்ததா என்று பார்க்கும் பொறுப்பை ஏற்காமல், மெயின் சுவிட்சைக் கழற்றிக்கொண்டு போய்விட்டீர்கள். பல புதிய மாடல்களின் பயாஸில் எஸ்3 என்ற தேர்வே இல்லை.

மனம் வைத்தால் முடியும் என்பதற்கும் சான்று இருக்கிறது. 2018இல் லெனோவோவின் எக்ஸ்1 கார்பன் ஆறாம் தலைமுறை எஸ்3 இல்லாமல்தான் வந்தது. பயனர்கள் ஏசிபிஐ அட்டவணையைத் தாங்களே பிரித்துத் திருத்தி, பூட் ஆகும்போது ஏற்றிச் சமாளித்தார்கள். அதே ஆண்டில் லெனோவோ ஒரு பயாஸ் புதுப்பிப்பை வெளியிட்டது. அமைப்புப் பக்கத்தில் 'ஸ்லீப் ஸ்டேட்' என்று ஒரு வரி, அதில் விண்டோஸ் அல்லது லினக்ஸ் என்று தேர்ந்தெடுக்கலாம். லினக்ஸ் என்று வைத்தால் எஸ்3 திரும்பி வந்துவிடும். ஒரே ஒரு வரி. அந்த மாடல் பழைய கணினியாக என் கடைக்கு வந்திருக்கிறது, மூடினால் தூங்குகிறது, திறந்தால் எழுகிறது. வேறென்ன கேட்கிறோம்?

சோதிக்க நேரமில்லை என்று சொல்வீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 நொடி தூக்கம், 30 நொடி விழிப்பு, இதை 100 முறை செய்ய 100 நிமிடம். கடிகாரம் வைத்து எழுப்பும் கட்டளை எல்லா லினக்ஸிலும் இருக்கிறது, ஆள் பக்கத்தில் இருக்க வேண்டியதில்லை. ஏசிபிஐ அட்டவணைகளை ஆராய்ந்து குறைகளைப் பட்டியலிட, உபுண்டுவைத் தயாரிக்கும் கனோனிக்கல் நிறுவனத்தின் 'ஃபர்ம்வேர் டெஸ்ட் ஸ்யூட்' இலவசமாகக் கிடைக்கிறது. ஆழ்ந்த தூக்கத்துக்குப் போகவிடாமல் எது தடுக்கிறது என்று கண்டுபிடிக்க இன்டெல்லும் ஏஎம்டியும் கருவிகளைத் திறந்தே வைத்திருக்கின்றன. நான் இவற்றையெல்லாம் கடையில், கீபோர்டு மாற்றிக்கொண்டே பக்கத்து மேசையில் ஓட்டுகிறேன். ஒரு மாடலுக்கு ஒரு கணினி, ஒரு பொறியாளர், இரண்டு நாள். இலட்சக்கணக்கில் விற்கும் பொருளுக்கு இது அதிகமா?

என் கோரிக்கைகளைச் சொல்கிறேன்.

டாஸ் என்றோ உபுண்டு என்றோ ஒட்டி விற்கும் ஒவ்வொரு மாடலையும், கடைக்கு அனுப்பும் முன், அப்போதைய லினக்ஸ் கெர்னலில் 100 முறை தூங்க வைத்து எழுப்பிப் பாருங்கள். ஒரு முழு இரவு மூடி வைத்து, பேட்டரி எவ்வளவு இறங்கியது, ஆழ்ந்த தூக்கம் எவ்வளவு நேரம் இருந்தது என்று அளந்து, அந்த எண்களை மாடலின் பக்கத்தில் வெளியிடுங்கள். அந்தச் சோதனையில் தேறாத மாடலை டாஸ் என்று விற்காதீர்கள்.

செயலி எஸ்3க்கு இடம் தருகிற மாடல்களில், அதைப் பயாஸ் அமைப்பில் தேர்வாகக் கொடுங்கள். முன்னிருப்பாக எது வேண்டுமானாலும் இருக்கட்டும், தேர்வை எடுக்காதீர்கள்.

பயாஸ் புதுப்பிப்புகளை, லினக்ஸ் பயனர்களுக்கு ஃபர்ம்வேரை வழங்கும் எல்விஎஃப்எஸ் சேவையில் ஏற்றுங்கள். 2015இலிருந்து அது நடந்து வருகிறது, பெரிய நிறுவனங்கள் சில ஏற்கெனவே அதில் இருக்கின்றன, லினக்ஸிலிருந்தே நேரடியாகப் பயாஸைப் புதுப்பிக்கலாம். முடியாது என்றால், பென் டிரைவில் போட்டுப் பயாஸ் திரையிலிருந்தே ஏற்றக்கூடிய கோப்பையாவது தாருங்கள். எது திருத்தப்பட்டது என்பதைத் தெளிவாக எழுதுங்கள். நிலைத்தன்மை மேம்பட்டது என்று மட்டும் எழுதினால், எங்கள் பிழை தீர்ந்ததா என்று நாங்கள் எப்படித் தெரிந்துகொள்வது?

ஃபர்ம்வேர் பிழையைப் பதிய ஒரு முகவரி வேண்டும். விற்பனைக்குப் பிந்தைய சேவை மையத்தின் முகவரி அல்ல, ஏசிபிஐ அட்டவணையைப் படிக்கத் தெரிந்த ஒருவர் பார்க்கும் முகவரி. கெர்னலில் உங்கள் மாடலுக்காக ஒரு ஒட்டு எழுதப்படும்போதெல்லாம், அதைப் பார்த்து, அதே பிழையை உங்கள் அடுத்த பயாஸில் திருத்தும் பொறுப்பு அவருக்கு இருக்கட்டும்.

லினக்ஸ் போட்டதற்காக வன்பொருள் வாரண்டி போகாது என்பதை உங்கள் சேவை மையங்கள் அனைத்துக்கும் எழுத்தில் அனுப்புங்கள். அதன் நகலை உங்கள் தளத்தில் வையுங்கள், நாங்கள் அச்சடித்து எடுத்துக்கொண்டு போகிறோம்.

கடைசியாக, எனக்கு மூன்று வரி எழுதிய நிறுவனத்துக்கு. ஆசிரியரின் கணினியில் இருக்கும் எம்பெடட் கண்ட்ரோலர் நிரலைத் திருத்துங்கள். தூக்கத்தில் மூன்று நொடிக்கு ஒரு முறை எழுப்புவதை நிறுத்தி, மூடி திறந்தால் மட்டும் எழுப்பட்டும். முடித்துவிட்ட கோரிக்கையைத் திரும்பத் திறங்கள், என் பதிவுகள் அதிலேயே இருக்கின்றன. ஆண்டு விடுமுறையில் அந்தக் கணினியைச் சில வாரம் என்னிடமே விடுவதாக ஆசிரியர் சொல்லியிருக்கிறார். திருத்திய பயாஸை, வெளியிடும் முன்பே அனுப்பினாலும் சரி, ஏற்றி, 100 முறை தூங்க வைத்து எழுப்பி, ஒரு இரவு மூடி வைத்து, காலை 7 மணிக்குப் பேட்டரியில் எவ்வளவு இருக்கிறது என்று அன்றே எழுதி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
பாளையங்கோட்டையிலிருந்து
ஒரு மடிக்கணினி பழுது பார்ப்பவன்